கூரையில் நடப்பவர்களும் சுவருக்குள் இருப்பவர்களும்

மார்லன் ஜேம்ஸின் 'பிளாக் லெப்பர்ட், ரெட் வுல்ஃப்' நாவலை ஆப்பிரிக்கத் தொன்மங்களைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் வாங்குகிறவர்களுக்குப் பாதிப் பணம் நஷ்டம். பூதங்கள் இருக்கின்றன, உருமாறிகள் இருக்கிறார்கள், சூனியக்காரிகள் இருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார்கள். அந்தப் பூதங்களைப் பற்றித்தான் எனக்குப் பெரிய குறைகளும் உண்டு. என்னைக் கட்டிப்போட்டது கதை சொல்லப்படும் விதம். இந்த நாவலுக்குள் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அங்கேதான் கை காட்டுவேன்.

ஜேம்ஸ் ஜமைக்காக்காரர். 1970இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். பாப் மார்லி மீது நடந்த கொலை முயற்சியைச் சுற்றி எழுதிய நாவலுக்காக 2015இல் புக்கர் பரிசு பெற்றார். அதைப் பெற்ற முதல் ஜமைக்க எழுத்தாளர் அவர்தான். 'தி ஹாபிட்' படங்களில் வருகிறவர்கள் எல்லாரும் ஏன் வெள்ளையர்களாகவே இருக்க வேண்டும் என்று ஒரு நண்பரோடு நடந்த வாக்குவாதத்தில் இந்த நாவலின் விதை விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 'ஆப்பிரிக்காவின் கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று வேடிக்கைக்கு ஒருமுறை சொல்லிவைத்தார். பத்திரிகைகள் அதை விடவே இல்லை. 2019 பிப்ரவரியில் புத்தகம் வந்தது. அறுநூறு பக்கங்களுக்கு மேல், மூன்று நாவல்களில் முதலாவது. அந்த ஆண்டே அமெரிக்க தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. அரியணைச் சண்டையும் டிராகனும் எதிர்பார்த்து வந்தவர்கள் நூறாவது பக்கத்துக்குள் எழுந்து ஓடியதற்கு அந்த வேடிக்கைப் பேச்சும் ஒரு காரணம்.

முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தேடப்பட்ட குழந்தை செத்துவிட்டது என்று முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுகிற நாவல் இது. அதற்கு இரகசியம் காத்து என்ன ஆகப்போகிறது?

கதைசொல்லியின் பெயர் ட்ராக்கர். தடம் பிடிப்பவன். ஒருவரின் வாசனையை ஒருமுறை பிடித்துவிட்டால் பாலைவனம் தாண்டியும், ஆண்டுகள் கடந்தும் அதைத் தொடர்ந்து போகும் மூக்கு அவனுக்கு. ஒரு கண் ஓநாயின் கண். சிறையில் இருந்துகொண்டு விசாரணை அதிகாரி ஒருவரிடம் தன் கதையைச் சொல்கிறான். அடிமை வியாபாரி ஒருவன் காணாமல் போன ஒரு சிறுவனைக் கண்டுபிடிக்கக் கூலிக்கு ஆள் சேர்க்கிறான். சிறுத்தையாக உருமாறும் நண்பன், மலை போன்ற உடம்புள்ள சடோகோ, நூறு நூறாக வயது ஏறிய சோகோலோன் என்ற நிலவுச் சூனியக்காரி, முன்பு ட்ராக்கரைக் காட்டிக்கொடுத்த நைகா என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. ஒருவருக்கும் இன்னொருவர்மேல் நம்பிக்கை இல்லை. அந்தச் சிறுவன் யார் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். உண்மைக்கு அருகில் இருக்கும் பதில் கிடைப்பதற்குள் புத்தகத்தில் பாதி போய்விடுகிறது.

பூதங்களிலிருந்தே தொடங்குகிறேன். கானாவின் அகான் மக்களிடம் சாசபொன்சம் என்ற காட்டுப் பிசாசு உண்டு. உயர்ந்த கிளையில் உட்கார்ந்து நீண்ட கால்களைத் தொங்கவிட்டிருக்கும். கீழே நடக்கும் வேட்டைக்காரனைக் கொக்கிப் பாதங்களால் மாட்டி மேலே தூக்கிவிடும். ஜேம்ஸ் இதை அண்ணன் தம்பியாகப் பிரிக்கிறார். அசன்போசம் மாமிசம் தின்பவன், சாசபொன்சம் இரத்தம் குடிப்பவன். மர உச்சியில் பிணங்களுக்கு நடுவே ட்ராக்கர் கண்விழிக்கும் பகுதியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்து எழுந்து போய் விளக்கைப் போட்டேன். பிசாசைப் பற்றிய வர்ணனை அங்கே குறைவு. எங்கே மாட்டியிருக்கிறோம், எவ்வளவு உயரம், பக்கத்தில் தொங்குவது யார் என்பது மட்டும் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. சகோதரனைக் கொன்றதற்காகச் சாசபொன்சம் கடைசி வரை ட்ராக்கரைத் துரத்துவதும் நல்ல முடிவு. பழிவாங்கும் துக்கம் மனிதனுக்கு மட்டும் சொந்தமா என்ன?

ஓமொலுஸு என்றும் ஒரு கூட்டம் வருகிறது. கூரையில் நடப்பவர்கள். இரத்தத்தைக் கூரையில் தெளித்து அழைத்தால், தலைக்கு மேலே இருளிலிருந்து பிரிந்து தலைகீழாக ஓடி வருவார்கள். நமக்குத் தரை எதுவோ அவர்களுக்கு அது கூரை. கொங்கோர் என்ற நகரத்தில் ஒரு குடும்பத்தையே இவர்கள் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள்; அந்த வீட்டிலிருந்துதான் சிறுவன் காணாமல் போகிறான். வீடு பாதுகாப்பு என்ற எண்ணத்தையே ஒரே வீச்சில் காலி செய்துவிடும் கற்பனை இது. வெட்டவெளியில் படுப்பவனுக்குப் பயமில்லை, கூரை உள்ளவனுக்குத்தான் பயம்.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், எல்லாரும் ஒரே காட்டில் உலவும்போது. சாசபொன்சம் அகான்களுடையது. அதனோடு சேர்ந்து திரியும் இப்புண்டுலு என்ற மின்னல் பறவை தெற்கே ஸுலு, கோசா மக்களுடையது. சூனியக்காரிகளிடம் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறும் ஏவல் பறவை. அதே கூட்டத்தில் மின்மினியாக வந்து இரத்தம் உறிஞ்சும் ஆட்ஸே, டோகோவிலும் கானாவிலும் வாழும் ஏவே மக்களின் நம்பிக்கை. எலோகோ காங்கோக் காட்டுக் குள்ளன். ட்ராக்கரின் கண்ணைப் பிடுங்கும் கழுதைப்புலிப் பெண்கள், சாட் ஏரிக் கரையில் கனூரி மொழி பேசுபவர்களின் கதைகளிலிருந்து வந்தவர்கள். சங்கோமா தென்னாப்பிரிக்க வைத்தியச்சி. கிரியோ மேற்கே மாலி, கினி பக்கத்துப் பாணர். வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் இவர்களுக்கு இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்கள். கேரளத்து யட்சி, வங்காளத்துப் பேய், காஷ்மீரத்துப் பிசாசு எல்லாரையும் ஒரே அரச மரத்தடியில் உட்காரவைத்து 'இந்திய மாய நாவல்' என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம்மிடம் நீட்டினால் நாம் எப்படி நெளிவோமோ, அப்படி நெளியும் வாசகர்கள் அக்ராவிலும் டர்பனிலும் இருக்கத்தானே செய்வார்கள்?

இதற்கு ஜேம்ஸின் பக்கத்து வாதமும் வலுவானதுதான். அட்லாண்டிக் கடந்து இழுத்துச் செல்லப்பட்ட அடிமைகளின் வழிவந்தவருக்கு எந்த ஊர், எந்தக் குலம் என்ற கணக்கு மிச்சம் வைக்கப்படவில்லை. ஜமைக்காவுக்கு வந்து சேர்ந்ததே கலந்துதான் வந்தது. அகான்களின் சிலந்தி அனான்சி இன்று ஜமைக்காவின் சொந்தப் பிள்ளை. ஐரோப்பிய மாய நாவல்களும் வடதிசைக் குள்ளர்களையும் கெல்ட் இனத்துத் தேவதைகளையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியவைதான், அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆகவே கலந்தார் என்பதற்காக நான் சண்டைக்குப் போகமாட்டேன். கலக்கும்போது எதைக் கொட்டிவிட்டார் என்பதுதான் என் வழக்கு.

சிறிய உதாரணம் எக்பெரே. நைஜீரியாவின் யொரூபா மக்களுடைய கதைகளில் அது ஒரு குட்டை உயிர். கையில் ஒரு பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு இரவெல்லாம் அழுதுகொண்டே அலையும். அந்த அழுகையைத் தாங்கிக்கொண்டு பாயைப் பறித்துவிட்டவனுக்கு அளவில்லாத செல்வம். பயமும் பரிதாபமும் பேராசையும் ஒரே உருவத்தில் இருப்பதால்தான் அது தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. ஜேம்ஸின் இருண்ட காட்டுக்குள் எக்பெரே வரும்போது பசிதான் முன்னால் நிற்கிறது. கடிக்க வரும் இன்னொரு பல். அப்படிப் பல் காட்ட அங்கே ஏற்கெனவே நூறு பேர் இருக்கிறார்கள்.

பெரிய உதாரணம் மிங்கி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாவலின் இதயமே அந்தப் பிள்ளைகள்தான். எத்தியோப்பியாவின் தெற்கே ஓமோ ஆற்றுச் சமவெளியில் ஹமர், காரா போன்ற மக்களிடம் சில குழந்தைகளை மிங்கி என்று ஒதுக்கும் வழக்கம் இருந்தது. கீழ்ப்பல்லுக்கு முன்னால் மேல்பல் முளைத்தால் மிங்கி. இரட்டையராகப் பிறந்தால் மிங்கி. மணமாகாத தாய்க்கு, அல்லது மூத்தோரின் சடங்கு அனுமதி இல்லாமல் பிறந்தால் மிங்கி. அந்தக் குழந்தை ஊரில் இருந்தால் மழை பொய்க்கும், நோய் வரும் என்று நம்பி அதைக் கொன்றார்கள், அல்லது புதரில் விட்டுவிட்டு வந்தார்கள். காரா மக்கள் 2012இல்தான் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக முறைப்படி அறிவித்தார்கள்.

நாவலில் மிங்கிப் பிள்ளைகளை சங்கோமா ஒருத்தி காட்டுக்குள் ஒளித்து வளர்க்கிறாள். அவர்களில் ஒருத்தி புகையால் ஆனவள். ஒருவனுக்கு ஒட்டகச்சிவிங்கியின் கால்கள். ஒருவன் கை கால் இல்லாமல் பந்தாக உருள்கிறான். உடல் ஒட்டிப் பிறந்த இரட்டையர் இருக்கிறார்கள். ட்ராக்கர் அவர்களை முதலில் அருவருப்போடு பார்த்து, பிறகு தன்னையறியாமல் பாசம் வைப்பதை ஜேம்ஸ் மிக நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் ஓமோ சமவெளிக் கொடுமையின் கூர்மை, அந்தக் குழந்தைகளிடம் ஒரு வித்தியாசமும் இல்லை என்பதில் அல்லவா இருந்தது? ஒரு பல் முந்தி முளைத்தது, அவ்வளவுதான். ஊரார் பார்வைதான் அதைச் சாபமாக்கியது. புகைப் பெண்ணையும் ஒட்டகச்சிவிங்கிக் காலனையும் கண்டால் எந்த ஊரும் திகைக்கத்தான் செய்யும். சாபத்தை உடம்புக்குள் கொண்டுபோய் வைத்ததால் ஊராரின் குற்றம் கொஞ்சம் லேசாகிவிட்டது. மாய நாவலுக்கு விசித்திர உடல் வேண்டும் என்ற கட்டாயம் இங்கே கைகொடுக்காமல் காலை வாரிவிட்டது என்பது என் எண்ணம். அந்தக் கூட்டத்தில் பிறவியிலேயே நிறமி இல்லாத வெண்தோல் பிள்ளை ஒன்றும் உண்டு. சூனியக்காரர்கள் அதன் உறுப்புகளுக்காக அலைகிறார்கள். தான்சானியா போன்ற நாடுகளில் வெண்தோல் நோயுள்ளவர்கள் உண்மையிலேயே அப்படி வேட்டையாடப்பட்டதால், எந்த மாயமும் சேர்க்காமல் அந்த இடம் சுடுகிறது.

இனி கதை சொல்லும் விதத்துக்கு வருகிறேன்.

யொரூபா மொழியின் முதல் நாவல் என்று கருதப்படுவது டி. ஓ. ஃபகுன்வா 1938இல் எழுதிய காட்டுக் கதை. அதை 1968இல் வோலே சோயிங்கா ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அதில் கதை நேரடியாக வருவதில்லை. வயதான வேட்டைக்காரன் ஒருவன் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடி வந்து, பேய்க் காட்டில் தான் பட்டதை எல்லாம் சொல்கிறான், கேட்பவர் எழுதிக்கொள்கிறார். அமோஸ் டுடுவோலா 1952இல் இந்த மரபை ஆங்கிலத்துக்குள்ளேயே, ஆங்கில இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், எழுதிக்காட்டினார். சிறைக்குள் உட்கார்ந்து ட்ராக்கர் விசாரணைக்காரரிடம் பேசும்போது இந்த வேட்டைக்காரர்களின் வாரிசு பேசுகிறான். ஒரு கதையைக் கேட்டால் இன்னொன்றைச் சொல்கிறான். கேட்டதற்குப் பதில் வருவதற்குள் மூன்று கிளைக்கதைகள். நடுவே கேட்பவரைக் கிண்டல் செய்கிறான், பொய் சொல்கிறான், பொய் சொன்னதைச் சொல்லியும் காட்டுகிறான். 'வேகம் இல்லை, சுற்றி வளைக்கிறது' என்று புகார் சொல்லும் வாசகர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. சுற்றி வளைக்காத வேட்டைக்காரனை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

மாலிப் பேரரசை 13ஆம் நூற்றாண்டில் நிறுவிய சுண்டியாத்தாவின் காவியமும் பின்னணியில் இருக்கிறது. சுண்டியாத்தாவின் தாயின் பெயர் சோகோலோன். கூன் விழுந்தவள், அழகற்றவள் என்று எல்லாரும் இகழ்ந்தவள். எருமைப் பெண்ணின் ஆற்றல் அவளுக்குள் இறங்கியிருப்பதாகக் காவியம் சொல்லும். ஜேம்ஸ் தன் சூனியக்காரிக்கு அந்தப் பெயரை வைத்து, பயணக் கூட்டத்தில் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஓர் எருமையையும் சேர்த்து நடக்கவிடுகிறார். ஒரு வரி விளக்கம்கூட இல்லை. தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம், தெரியாதவர்களுக்கு அது நல்ல எருமை.

அந்தக் காவியத்தை மமது குயாத்தே என்ற கிரியோவின் வாயிலிருந்து கேட்டு ஜிப்ரில் நியான் 1960இல் வெளியிட்டார். குயாத்தே குடும்பத்தார் சுண்டியாத்தாவின் பாணர் பல்லா ஃபஸ்ஸேகேயின் வழிவந்தவர்கள். அரசர் காலத்து மர இசைக்கருவியான சொஸோ பாலா இன்றும் கினியின் நியாகஸ்ஸோலாவில் காக்கப்படுகிறது. நியானிடம் கதை சொல்லும்போதே அந்தக் கிரியோ தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: சொல்லத்தக்கதைச் சொல்வோம், மறைக்க வேண்டியதை மறைப்போம், அதற்குச் சத்தியம் செய்திருக்கிறோம் என்று. வரலாறு அவர் கையில், சாவியும் அவர் கையில். ஜேம்ஸின் அரசியல் முழுக்க இதன்மேல் நிற்கிறது. நாவலின் வடக்கு இராச்சியத்தில் அரசனின் சகோதரிக்குப் பிறந்த மகனே அடுத்த அரசன் என்பது பழைய முறை. அகான்கள் போலத் தாய்வழி வாரிசுரிமை உள்ள மக்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எப்போதோ ஓர் அரசன் அதைக் கவிழ்த்துத் தன் மகனை உட்காரவைத்தான். அதை நினைவில் வைத்திருப்பவை கிரியோக்களின் பாடல்கள். ஆகவே கிரியோக்கள் வேட்டையாடப்படுகிறார்கள். அரியணையைப் பிடிப்பதைவிட, அது பிடிக்கப்பட்டது என்ற நினைவைப் பிடிப்பதுதான் அங்கே கடினமான வேலை. பூதம் ஒன்றும் இல்லாமலே இந்தப் பகுதி எனக்கு ஆப்பிரிக்க நாவலாகத் தோன்றுகிறது.

இப்படிப்பட்ட நாவலில் ட்ராக்கர் எதைச் சொல்ல மறுக்கிறான் என்று கவனித்தால் ஒன்று புலப்படும். தந்தை என்று நினைத்தவன் பாட்டனாக இருந்தது, கழுதைப்புலிகளிடம் சீரழிந்தது, வெட்டியது, கொன்றது எல்லாவற்றையும் அவனே சொல்கிறான், வேண்டிய அளவுக்கு மேலேயே சொல்கிறான். தேடல் முடிந்தபிறகு, கொங்கோரின் காவல் தலைவனாக இருந்த மோஸியோடு ஒரு பாவோபாப் மரத்து வீட்டில், மிங்கிப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு அவன் வாழ்கிறான். வாழ்க்கையிலேயே நிம்மதியாக இருந்த காலம் அது. அந்தப் பகுதி மட்டும் அவன் குரலில் வருவதில்லை. ஒரு கிரியோவின் பாட்டாக வருகிறது. உரைநடை மறைந்து கவிதை வரிகள். இரண்டு ஆண்களின் காதலும் சண்டையும், பிள்ளைகளின் கூச்சலும், மோஸியின் சிரிப்பும் அதில் இருக்கின்றன. வன்முறைக்கு இத்தனை வார்த்தைகள் வைத்திருப்பவனுக்கு மகிழ்ச்சியைச் சொல்ல வாய் வரவில்லை. வேறொருவர்தான் பாட வேண்டியிருக்கிறது. பிறகு சாசபொன்சம் வந்து அந்த வீட்டை என்ன செய்தது என்பதை நினைக்கும்போது, ஏன் அவனால் சொல்ல முடியவில்லை என்று புரிகிறது. யொரூபாப் புகழ்ப்பாடலான ஒரிகியின் பெயரை இந்தப் பாகத்துக்கு வைத்திருப்பதில் அந்தக் கலப்பு மறுபடி எட்டிப்பார்க்கிறது, ஆனால் இங்கே எனக்கு உறுத்தவில்லை.

சடோகோ வரும் இரவொன்றும் இதே இனம். அவனை இராட்சதன் என்று யாரும் கூப்பிடக்கூடாது, அவன் ஓகோ. வாய் திறக்காதவன் என்று நினைத்திருக்கும்போது ஒரு நாள் இரவு பேச ஆரம்பிக்கிறான். கூலிக்கு மரண தண்டனை நிறைவேற்றிய காலத்தில் தான் கொன்றவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறான். ஆளை, இடத்தை, அவர்கள் செய்த குற்றத்தை. விடியும்வரை ஓயவில்லை. ட்ராக்கர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வழக்கமான நக்கல் ஒன்றையும் எடுத்துவிடாமல்.

டொலிங்கோவைச் சொல்லாமல் விட முடியாது. பெரும் மரங்களின்மேல் எழுந்த நகரம். வண்டிகள் கயிற்றில் ஏறி இறங்குகின்றன. விருந்தினர் அறைக்குள் நுழைந்தால் கதவு தானாக மூடும், தண்ணீர் தானாகக் கொட்டும், படுக்கை தானாக நகரும். படிக்கிற நாமும் இது என்ன மந்திரம் என்று வாயைப் பிளக்கிறோம். மாய நாவலில் மந்திரம் இருப்பது இயல்புதானே என்று கேள்வியும் கேட்காமல் விடுகிறோம். பிறகு ட்ராக்கர் சுவரை உடைக்கிறான். உள்ளே இருட்டில் கழுத்திலும் கை கால்களிலும் கயிறு கட்டிய ஓர் அடிமை. கயிறு இழுபட்டால் கதவு திறக்க வேண்டும். அதுதான் அந்த உயிருக்கு வேலை. நகரம் முழுவதும் சுவர்களுக்குள் மனிதர்கள். வாசகனின் வியப்பையே குற்றமாகத் திருப்பிவிடும் இந்த இடத்துக்கு எந்த மக்களின் தொன்மமும் கடன் கொடுக்கவில்லை. அடிமைக் கப்பல்களின் வரலாற்றைச் சுமந்த ஒருவரின் கற்பனை அது. இரவல் வாங்கிய பூதங்கள் அனைத்தும் இதன்முன் ஒரு படி கீழேதான்.

பலவீனங்களுக்கு நான் இத்தனை மரியாதை காட்டப்போவதில்லை. குழந்தைகள்மீதும் பெண்கள்மீதும் நடக்கும் வன்முறை, பாலியல் வன்முறை உட்பட, மறுபடி மறுபடி வருகிறது. முதல் சில இடங்களில் நடுங்கினேன். முந்நூறு பக்கம் கடந்தபின் நடுக்கம் போய், அடுத்த வெட்டு எப்போது என்ற சலிப்பு வந்துவிட்டது. கொடுமையை எழுதுகிறவர்கள் பயப்பட வேண்டியது இந்தச் சலிப்புக்குத்தான். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு வாங்கித் தரலாமா என்று ஒரு தோழி கேட்டார். சிறுத்தைப் படம் போட்ட புத்தகம்தானே என்று நினைத்திருக்கிறார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

சண்டைகளும் அப்படியே. ட்ராக்கரின் கைக்கோடரிகள் பறக்கும், சடோகோவின் முஷ்டி இறங்கும், யாரோ ஒருவர் மாயக் கதவைத் திறப்பார். ஓமொலுஸு சண்டைக்கு இருந்த அழுத்தம் பின்னால் வரும் பத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை. நக்கல் உரையாடல்களில் யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப்பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சிறுத்தையும் நைகாவும் மோஸியும் சில சமயம் ஒரே வாயால் பேசுகிறார்கள்.

எனக்கு மிகவும் குறையாகப் பட்டது அந்தச் சிறுவன்தான். இப்புண்டுலுவின் கூட்டம் அவனைப் பயன்படுத்தும் விதம் கொடூரமானது. இரவில் ஏதாவது ஒரு வீட்டுக் கதவை அவன் தட்டுவான். என்னை அரக்கர்கள் துரத்துகிறார்கள், உள்ளே விடுங்கள் என்று அழுவான். குழந்தையின் அழுகையைக் கேட்டு இரங்கித் திறக்கும் வீட்டுக்குள் பின்னாலேயே அவர்கள் நுழைவார்கள். நல்லவர்களாக இருந்ததற்குத் தண்டனை. மின்னல் பறவையின் இரத்தத்துக்கு அடிமையாகிப்போன அவன், மீட்க வந்தவர்களிடமிருந்து தப்பி ஓடுகிறான். இத்தனை பலமான ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறையாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஜேம்ஸ் நேரம் ஒதுக்கவில்லை. அவனுக்குப் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. சிறுவன், சிறுவன், அவ்வளவுதான். இதுவும் ட்ராக்கரின் வெறுப்பினால்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அறுநூறு பக்கம் தேடிய ஒன்றின் முகம் தெரியாமல் போனால் வாசகனுக்கு இழப்பதற்கு என்ன இருக்கிறது? அவன் இறப்பதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சடோகோவுக்காக வருந்திய அளவில் கால்பங்குகூட இல்லை.

பெண்கள் விஷயத்திலும் இதே தப்பிக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ட்ராக்கருக்குப் பெண்களைப் பிடிக்காது, தாயிலிருந்து தொடங்கிச் சூனியக்காரிகள் வரை. அதனால் நாவலின் பெண்கள் அநேகமாக அவன் வெறுப்பின் வழியாகவே நம்மிடம் வந்து சேருகிறார்கள். அதைப் புரிந்துகொள்ளத் தேவையான காயங்களையும் அவன் காட்டுகிறான். ஒரு குறுநாவலுக்கு அந்த ஒற்றைப் பார்வை தாங்கும். இத்தனை பெரிய உலகத்துக்குத் தாங்கவில்லை.

2022இல் வந்த இரண்டாம் நாவல் 'மூன் விட்ச், ஸ்பைடர் கிங்' சோகோலோனின் வாக்குமூலம். அதே தேடலை அவள் சொல்கிறாள், ஆனால் தேடல் தொடங்குவதற்கே அங்கே நெடுநேரம் ஆகிறது. அதற்கு முன்னால் அவளுடைய நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் இருக்கின்றன. ட்ராக்கர் சொன்னதில் எத்தனை அரைகுறை என்று அங்கே தெரிகிறது. மனிதர்களின் நினைவிலிருந்தே ஆட்களை அழித்துவிடும் அரச ஆலோசகனால் அவளுடைய வாழ்வே அவளுக்கு மறந்துபோகிறது. யாரோ எழுதிவைத்ததிலிருந்து அவள் தன்னைத் திரும்பப் பெறுகிறாள். அது முதல் நாவலைவிட நல்ல நாவல் என்பேன். அதற்காக முதல் நாவலின் கணக்கில் அந்த மதிப்பெண்களைச் சேர்க்கமாட்டேன். பதில் வர மூன்று ஆண்டுகள் ஆயின. இடையில் முதல் புத்தகத்தோடு விலகிப்போன வாசகிகளுக்கு யார் பதில் சொல்வது? ஒரு நாவல் தன்னளவில் நிற்க வேண்டும்.

படிக்கத் துணிபவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. முதலில் ஃபகுன்வாவின் காட்டுக் கதையைச் சோயிங்காவின் ஆங்கிலத்தில் படித்துவிடுங்கள். சிறிய புத்தகம், இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். ட்ராக்கரின் பேச்சு அதன்பிறகு அந்நியமாகத் தெரியாது. ஜேம்ஸின் நாவலைக் காகிதத்தில் வாங்குங்கள். முன்னால் பாத்திரங்களின் நீண்ட பட்டியலும் வரைபடங்களும் இருக்கின்றன. முதல் இருநூறு பக்கங்களுக்கு அங்கே விரலை வைத்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். மின்நூலில் அது பெரும் தொல்லை.